டவர் ஃபுல்லா காட்டுதே, அப்புறம் ஏன் லைன் கட்டாகுது?

போன்ல மேல தெரியுற அந்த நாலஞ்சு கோட்டை நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடுன்னு பொதுவான விதியே கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்களா ஒரு கணக்கு வச்சுக்கிறாங்க, அதனால ஒரே இடத்துல ஒரே சிம்மை ரெண்டு போன்ல மாத்திப் போட்டா ஒண்ணுல மூணு கோடு இன்னொண்ணுல நாலு கோடுன்னு வரலாம். நிஜமான அளவு வேணும்னா டிபிஎம் (dBm, வந்து சேர்ற சிக்னலோட பவரைச் சொல்ற அளவு) நம்பரைத்தான் பாக்கணும். நிறைய ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்ல அபௌட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ்ல இருக்கும். வைஃபைக்கு அனலைசர் ஆப் இருக்கு.

நம்பர் மைனஸ்ல இருக்கேன்னு குழம்ப வேண்டாம். ஒரு மில்லிவாட்தான் 0 டிபிஎம். அங்கிருந்து 3 இறங்கினா பவர் பாதி, 10 இறங்கினா பத்துல ஒரு பங்கு. அப்ப மைனஸ் 60ங்கிறது ஒரு வாட்டுல நூறு கோடில ஒரு பங்கு, மைனஸ் 90 அதுலயும் ஆயிரத்துல ஒண்ணு! இத்தனூண்டு பவர்ல இருந்து ரிசீவர் நம்ம குரலைப் பிரிச்சு எடுக்குதுங்கிறது எப்ப நினைச்சாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனா சிக்னலை மட்டும் பாத்தா பத்தாது, நாய்ஸ், அதாவது சிக்னலோட கலக்குற வேண்டாத இரைச்சல், எங்க நிக்குதுன்னும் பாக்கணும். வெப்பத்துல எலக்ட்ரான்கள் அலைபாயுறதால வர்ற நாய்ஸ் மட்டுமே 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபை சேனல்ல சுமார் மைனஸ் 101 டிபிஎம், ரிசீவர் தன் பங்குக்கு சேக்கிறதோட மைனஸ் 95 பக்கம் வந்துரும். சிக்னல் மைனஸ் 65ன்னா நடுவுல 30 டிபி இடைவெளி (ரெண்டு டிபிஎம் நம்பருக்கு நடுவுல உள்ள வித்தியாசத்தைத்தான் டிபின்னு சொல்றோம்), அருமையா ஓடும். பக்கத்துல மைக்ரோவேவ் அவன் ஓடி அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல நாய்ஸ் மைனஸ் 75க்கு ஏறிட்டா மிச்சம் 10 டிபிதான், கோடு மட்டும் அப்படியே ஃபுல்லா நிக்கும், நெட் நகராது.

இதைவிட முக்கியமானது, நிறைய பேர் கவனிக்காதது, எதிரொலிக்கிற அலைகள். சுவர், தரை, இரும்பு பீரோன்னு எல்லாத்துலயும் பட்டு ஒரே சிக்னல் பல வழியா வந்து சேருது, ஒண்ணோட மேடும் இன்னொண்ணோட பள்ளமும் சந்திக்கிற இடத்துல ரெண்டும் அடிபட்டுப் போயிரும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்தான், அதனால ஆன்டெனாவை நாலு விரக்கடை தள்ளி வச்சாலே 10 டிபி, சில நேரம் 20 டிபி கூட மாறும். ஆள் குறுக்க நடந்தாலும், கதவை சாத்தினாலும் மாறும்.

அதனால ஒரு தடவை நின்னு அளந்துட்டு "சிக்னல் ஓகே"ன்னு சொல்றது அளந்ததாவே ஆகாது. கருவி எங்க இருக்கப் போகுதோ அங்கயே வச்சு, கதவெல்லாம் மூடி, ஆள் நடமாட்டத்தோட ஒரு நாள் முழுக்க பதிவு பண்ணுங்க. சராசரியை விட்டுட்டு அதுல ரொம்பக் கீழ போன நம்பரைப் பாருங்க, லைன் கட்டாகுறது அந்த நிமிஷத்துலதான். ரிசீவர் மைனஸ் 85 வரைக்கும் தாங்கும்னா சாதாரண நேரத்துல மைனஸ் 65, 70 கிடைக்கணும், அந்த 15, 20 டிபிதான் கையிருப்பு.

கையிருப்பு கம்மியா இருந்தா உடனே பவரை ஏத்த ஓடாதீங்க. பவரை ரெண்டு மடங்காக்கினா 3 டிபிதான் கூடும், ஆனா திறந்தவெளில தூரத்தை பாதியாக்கினாலே 6 டிபி கிடைக்கும். முதல்ல ரெண்டு பக்க ஆன்டெனாவும் ஒரே வாக்குல நிக்குதான்னு பாருங்க, ஒண்ணு நட்டுக்க ஒண்ணு படுக்கையா இருந்தா நிறைய டிபி அதுலயே போயிரும்.