முருங்கை மரத்துக்குத் தீப்பந்தம் தூக்குபவர்களுக்கு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஆட்கள் கண் மருத்துவரான என்னிடம் வரத் தொடங்குவார்கள். "முருங்கப் பூச்சி விழுந்துருச்சு சார்" என்று சொல்லும்போதே கை கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். இந்த வாரம் வந்தவர் தாய்ப்பால் விட்டுப் பார்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து, மருந்துக்கடைச் சொட்டு மருந்தும் விட்டுப் பார்த்த பிறகுதான் வந்தார். இனியும் எழுதாமல் இருந்தால் சரிப்படாது.

மழைக்குப் பிறகு இரவில் விளக்கைச் சுற்றும் பெரிய அந்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பு நிறம், இறக்கையில் மங்கலான கோடுகள். யூப்டெரோட்டி மாலிஃபெரா என்பது அதன் அறிவியல் பெயர். அதனால் உங்களுக்குத் தொல்லையில்லை. அது இலையிலும் இளந்தண்டிலும் குவியலாக இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்களால்தான் தொல்லை. உடம்பெல்லாம் பழுப்பு முடி. கூட்டமாகவே இருந்து பட்டையைச் சுரண்டும், இலையைத் தின்னும். விட்டால் மரமே மொட்டையாகிவிடும். அடிமரத்தில் கம்பளி சுற்றியதுபோல மொத்தமாக அப்பிக் கிடக்கும்போதுதான் நம் ஆட்கள் பந்தத்தைக் கொளுத்துகிறார்கள்.

"கண்ணுல விழுந்தது புழுவோட முடிதானே சார், தானா கரைஞ்சிரும்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். கரையாது. தாய்ப்பாலில் கரையாது, எண்ணெயில் கரையாது, இளநீரிலும் கரையாது. அந்த முடியில் ஒரே பக்கமாகச் சாய்ந்த நுண்ணிய முட்கள் உண்டு. அதனால் அது முன்னால்தான் போகும், பின்னால் வராது. நீங்கள் கசக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏற்றுகிறீர்கள். கருவிழியைத் துளைத்து உள்ளே போன முடி, சிலருக்கு விழித்திரை வரைகூடப் போய்விடும். அப்புறம் சொட்டு மருந்தோடு முடியாது, அறுவை சிகிச்சைதான்.

இமையைப் புரட்டி ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்தால், மேலிமையின் உட்புறத்தில் ஒற்றை முடி குத்தி நிற்கும். கருவிழியில் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் மேலும் கீழுமாகப் பச்சைக் கீறல்கள் தெரியும், இமைக்க இமைக்க விழுந்தவை. (இளம் மருத்துவர்களே, மேலிமையைப் புரட்டாமல் 'மெட்ராஸ் ஐ' என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.)

கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. குழந்தையாக இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்து சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள், கம்பளிப்பூச்சி என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். அதை எப்போது விடுவது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தோலில் ஒட்டிய முடியை செல்லோடேப் ஒட்டி எடுக்கலாம், கண் பக்கம் அது வேண்டவே வேண்டாம்.

பந்தம் பிடிப்பதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சூட்டில் முடி பறக்கும். காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். பைக் ஹெல்மெட்டைக் கண்ணாடி இறக்கி மாட்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அதைவிட, முட்டைக் குவியலாக இருக்கும்போதே இலையோடு பறித்து அழித்துவிடுங்கள். செத்த புழுவின் முடியும் குத்தும், அதனால் கீழே விழுந்ததை வெறுங்கையால் அள்ள வேண்டாம். மரத்தடியில் துணி காயப்போடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் அம்மா, அந்தத் துண்டில்தான் பிள்ளைக்கு முகம் துடைக்கிறீர்கள்.

ஏற்கெனவே முடி எடுத்துவிட்டுப் போனவர்கள், மாதக்கணக்கு கழித்துக் கண் சிவந்தாலும் திரும்ப வந்து காட்டுங்கள். உள்ளே ஒன்று மிச்சமிருக்கலாம்.