தலைப்புச் செய்தியில் வரும் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையும்

2020 ஜூலையில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி பேட்ரிக் மஹோம்ஸ் என்ற வீரருடன் பத்து வருட நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டது. செய்திகளில் ஓடிய தொகை 45 கோடி டாலர். ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்தால் 50 கோடியைத் தாண்டும் என்றும் எழுதினார்கள். ஆனால் கையெழுத்திட்ட அன்று எந்த நிபந்தனையும் இல்லாமல் அவருக்கு உறுதியாகியிருந்தது சுமார் 6.3 கோடி டாலர்தான். மீதிப் பணம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், அவர் அணியில் நீடித்தால், கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாகும்படி எழுதப்பட்டிருந்தது. இரண்டு எண்களுமே உண்மை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் பல மாதம் இழுபடுவது இரண்டாவது எண்ணுக்காக.

நான் டெக்சாஸில் வேலை ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வழக்கறிஞர். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களும் மென்பொருள் நிறுவனங்களில் மேல்நிலைக்குப் போகிறவர்களும். நம் தமிழர்களும் நிறையப் பேர் உண்டு. விளையாட்டு வீரர்கள் யாரும் என் கட்சிக்காரர்கள் இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்று விளக்க நான் அதிகம் எடுத்துக்காட்டுவது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்குகளின் ஒப்பந்தங்களைத்தான். ஒரு மருத்துவரின் ஒப்பந்தத்தை இன்னொருவரிடம் காட்ட முடியாது. என்.எஃப்.எல்.லில் ஒவ்வொரு ஷரத்தும் சில நாட்களிலேயே வெளியே வந்துவிடும். அந்த ஷரத்தால் யாருக்கு என்ன ஆனது என்பதையும் அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் பார்த்துவிடலாம்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் தாக்குதலை நடத்துபவர், ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதல் முயற்சியும் அவர் கையில்தான் தொடங்கும். லீக்கில் 32 அணிகள் இருந்தாலும் நம்பி ஒப்படைக்கக்கூடிய குவார்ட்டர்பேக்குகள் அவ்வளவு பேர் இல்லை. அதனால் அவர்கள் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதே நேரம் ஒவ்வொரு அணிக்கும் சாலரி கேப் என்ற சம்பள உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 27.92 கோடி டாலர். ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அதற்குள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு 5 கோடி, 6 கோடி என்று போனால் மற்றவர்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அணி நிர்வாகத்தின் கவலை.

பேஸ்பால், கூடைப்பந்து லீக்குகளில் ஒப்பந்தத் தொகை பொதுவாக முழுமையாக உறுதி செய்யப்பட்டிருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் அப்படி இல்லை. உத்தரவாதம் என்று தனியாக எழுதப்படாத சம்பளம், வீரரை அணி விடுவித்த நாளோடு போய்விடும். உத்தரவாதமும் ஒரே வகை கிடையாது. ஆட்டத்திறன் குறைந்தது என்று நீக்கினாலும் தரவேண்டும் என்பது ஒன்று, உச்சவரம்புக்காக நீக்கினாலும் தரவேண்டும் என்பது ஒன்று, காயத்தால் ஆட முடியாமல் போனால் தரவேண்டும் என்பது இன்னொன்று. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் முழு உத்தரவாதம். காயத்துக்கு மட்டும் தரும் உத்தரவாதம் பார்க்கப் பெரிய பாதுகாப்புபோல இருக்கும். அதுவே வீரருக்கு எதிராகத் திரும்பும் என்பதை ரஸ்ஸல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக் விஷயத்தில் எல்லோரும் பார்த்தோம்.

வில்சன் 2022இல் சியாட்டிலிலிருந்து டென்வர் பிராங்கோஸுக்கு வந்தார். புதிய அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடும் முன்பே, ஐந்து வருடத்துக்கு 24.5 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்தானது. அதில் 2025க்கான 3.7 கோடி டாலர் சம்பளம் முதலில் காயத்துக்கு மட்டும் உறுதி. 2024 மார்ச்சில் ஒரு குறிப்பிட்ட தேதியில் அவர் அணியில் இருந்தால் அது முழு உறுதியாகிவிடும். 2023 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த உத்தரவாதத் தேதியைத் தள்ளிவைக்கச் சம்மதிக்காவிட்டால் உங்களை உட்கார வைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொன்னதாக வில்சன் பின்னர் வெளிப்படையாகவே கூறினார். அவர் சம்மதிக்கவில்லை. டிசம்பர் இறுதியில், இன்னும் இரண்டு ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போது, பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். ஆடினால் அடிபடலாம், அடிபட்டு மார்ச்சுக்குள் உடல் தேறாவிட்டால் 3.7 கோடியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் அணியின் கணக்கு. அதற்கு ஒரு வருடம் முன்னால் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணி டெரிக் கார் என்ற குவார்ட்டர்பேக்கைக் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முன் உட்கார வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அவருக்கு இருந்தது சுமார் 4 கோடி டாலர் காய உத்தரவாதம்.

டென்வர் 2024 மார்ச்சில் வில்சனை விடுவித்தது. ஏற்கெனவே கொடுத்ததும் கொடுக்கவேண்டியதுமாக 8.5 கோடி டாலர் இரண்டு வருட உச்சவரம்புக் கணக்கில் ஏறியது. ஆடாத ஒருவருக்காக ஓர் அணி சுமந்த தொகையில் அதுவரை அதுதான் அதிகம். அப்புறம் நடந்ததை நான் எப்போதும் கட்சிக்காரர்களுக்குச் சொல்வேன். 2024க்கு அவருக்கு 3.9 கோடி டாலர் உறுதியாகியிருந்தது. புதிய அணி எவ்வளவு தருகிறதோ அதை டென்வர் கழித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் இருந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவருக்குக் குறைந்தபட்ச சம்பளமான 12.1 லட்சம் டாலர் மட்டும் கொடுத்தது, மீதியை டென்வர் கொடுத்தது. அதிகம் கேட்டிருந்தாலும் வில்சன் கைக்கு ஒரு டாலர்கூடக் கூடியிருக்காது. கழித்துக்கொள்ளும் ஷரத்து மருத்துவர்களின் பணிநீக்க இழப்பீட்டிலும் வரும். அது இருக்கிறதா என்று தெரியாமல் அடுத்த வேலையில் சம்பளத்துக்காக மல்லுக்கட்டுவதில் பலன் இல்லை.

டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு டாக் பிரெஸ்காட் கதையைச் சொன்னால் உடனே புரியும். எனக்குத் தெரிந்து, ஒரே ஷரத்து எவ்வளவு பெறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2016இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி புதுமுகத் தேர்வின் நான்காம் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக் அவர். புதுமுகங்களுக்கு 2011 தொழிற்சங்க ஒப்பந்தத்திலிருந்து சம்பள அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. மூன்று சீசன் முடியும்வரை மறுபேச்சுக்கே இடமில்லை. அது முடிந்து நீண்டகால ஒப்பந்தம் பேசினார்கள், படியவில்லை. 2020இல் கவ்பாய்ஸ் அணி அவர்மீது ஃபிரான்சைஸ் டேக் போட்டது. வேறு அணிக்குப் போகவிடாமல் ஒரு வருடத்துக்கு, அந்த இடத்தில் ஆடும் முதல்தர வீரர்களின் சம்பளச் சராசரியில் பிடித்துவைக்கும் உரிமை அது. அவருக்கு அந்த வருடம் 3.14 கோடி டாலர். பெரிய தொகைதான், ஆனால் அதற்கடுத்த வருடத்துக்கு எந்த உறுதியும் இல்லை. அக்டோபர் 11 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் வலது கணுக்கால் எலும்பு முறிந்து மூட்டும் விலகியது. அன்றைக்கு அவர் கையில் நீண்டகால ஒப்பந்தம் இல்லை.

அவர் ஓய்ந்துவிடவில்லை. டேக் இரண்டாம் முறை போட்டால் 20 சதவீதம் கூட்டித் தரவேண்டும், மூன்றாம் முறை 44 சதவீதம். அணிக்கு அது கட்டுப்படியாகாது. 2021 மார்ச்சில் நான்கு வருடத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. 12.6 கோடி உத்தரவாதம், கையெழுத்திட்டதற்கே தரும் சைனிங் போனஸ் 6.6 கோடி. செய்திகள் இந்த எண்களோடு நின்றுவிட்டன. அதே ஒப்பந்தத்தில் சத்தமில்லாமல் இரண்டு வரிகள் இருந்தன: அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது, ஒப்பந்தம் முடியும்போது மீண்டும் டேக் போடக்கூடாது.

2024இல் அந்த ஒப்பந்தத்தின் கடைசி வருடம் வந்தது. அணியால் அவரை விற்கவும் முடியாது, டேக் போட்டு நிறுத்தவும் முடியாது. சும்மா இருந்தால் மார்ச்சில் எதுவும் வாங்கிக்கொள்ளாமல் அனுப்பிவைக்க வேண்டியதுதான். செப்டம்பர் 8 அன்று, சீசனின் முதல் ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, நான்கு வருடத்துக்கு 24 கோடி டாலரில் கையெழுத்தானது. வருடத்துக்கு 6 கோடி. என்.எஃப்.எல்.லில் அதுவரை யாரும் தொடாத சராசரி. 23.1 கோடி உத்தரவாதம். அந்தச் சீசனிலேயே நவம்பரில் தொடைத் தசை கிழிந்து மீதி ஆட்டங்கள் முழுக்க வெளியே இருந்தார். 2020இல் அடிபட்டபோது இல்லாத பாதுகாப்பு இந்த முறை இருந்தது. 2021இல் அந்த இரண்டு வரிகளுக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் இந்த 24 கோடி வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

முழுத் தொகையையும் உறுதியாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கிர்க் கசின்ஸை வாஷிங்டன் அணி 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை டேக் செய்தது. அவர் அவசரப்படவில்லை. அந்த இரண்டு வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 4.4 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, 2018இல் மினசோட்டாவுக்கு மூன்று வருடம், 8.4 கோடி, முழு உத்தரவாதம் என்று போனார். 2022இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் டிஷான் வாட்சனுக்கு ஐந்து வருடத்துக்கு 23 கோடியை முழு உத்தரவாதமாகக் கொடுத்தது. பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளில் வழக்குகள் நிலுவையில் இருந்த ஒருவருக்கு அந்த ஒப்பந்தம் போனது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. முதல் வருட அடிப்படைச் சம்பளம் வெறும் 10.35 லட்சம் டாலர் என்று எழுதியிருந்தார்கள். தடைக்காலத்தில் கழிக்கப்படுவது அடிப்படைச் சம்பளத்திலிருந்துதான் என்பதால், 11 ஆட்டத் தடை வந்தபோது போனது சிறு தொகையே. லீக் தனியாக 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

வாட்சனுக்குக் கிடைத்ததை மற்றவர்களும் கேட்பார்கள் என்று அணி உரிமையாளர்கள் பயந்தார்கள். லமார் ஜாக்சன் பேச்சுவார்த்தை அந்தப் பயத்தின் நடுவே நடந்தது. அவருக்கு ஏஜென்ட் கிடையாது, கூட நின்றது தாயார். ஏஜென்டுக்கு அதிகபட்சம் 3 சதவீதம் போகும், அது அவருக்கு மிச்சம். ஆனால் ஏஜென்ட் தரும் பெரிய உதவி பேரம் மட்டும் இல்லை. நிர்வாகத்தோடு கசப்பு வரும்போது அதை ஏஜென்ட் வாங்கிக்கொள்வார், வீரர் மறுநாள் அதே நிர்வாகத்தின் முகத்தில் விழிக்கலாம். ஜாக்சனுக்கு அந்தத் திரை இல்லை. 2023 மார்ச்சில் பால்ட்டிமோர் ரேவன்ஸ் அவரை டேக் செய்தாலும், வேறு அணிகள் அவரிடம் பேசலாம் என்று விட்டது. மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவருக்கு ஓர் அணியும் விலை சொல்லவில்லை. தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடச் சொன்னதை அவரே ட்விட்டரில் எழுதும் நிலை வந்தது. ஏப்ரல் 17இல் பிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ் 25.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். பத்து நாள் கழித்து ஜாக்சனுக்கு 26 கோடி வந்தது. அதில் உத்தரவாதம் 18.5 கோடி. முழு உத்தரவாதம் கிடைக்கவில்லை.

உரிமையாளர்கள் கூடிப்பேசி இதைத் தடுத்தார்கள் என்று வீரர்கள் சங்கம் புகார் கொடுத்தது. உத்தரவாதங்களைக் குறைக்கும்படி லீக் அணிகளைத் தூண்டியது, ஆனால் அணிகள் சேர்ந்து சதி செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2025 ஜனவரியில் நடுவர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு பல மாதம் வெளியே தெரியவே இல்லை. யாருடைய ஊதியத்தைப் பற்றியதோ அந்த வீரர்களிடமிருந்தே அது மறைக்கப்பட்டது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைத் தாண்டிய ஷரத்துகளும் உண்டு. 2022இல் அரிசோனா கார்டினல்ஸ் கைலர் மரேயின் ஒப்பந்தத்தில் வாரம் நான்கு மணி நேரம் தனியாக ஆட்டப் பாடம் படிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. வெளியே தெரிந்து பெரும் பேச்சானதும் சில நாளில் நீக்கினார்கள். 23 கோடி கொடுக்கிறவர்கள், அவர் உழைப்பார் என்று நம்பவில்லை என்பதைத் தாங்களே எழுத்தில் வைத்துவிட்டார்கள்.

என் வேலையில் அடிக்கடி பிரச்சினையாவது சைனிங் போனஸ். முன்கூட்டியே வந்துவிடும் பணம் என்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. 2019 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஆண்ட்ரூ லக் காயங்களால் களைத்து 29 வயதில் ஓய்வை அறிவித்தபோது, 2.48 கோடி டாலரைத் திருப்பிக் கேட்க அணிக்கு உரிமை இருந்தது. அணி கேட்கவில்லை. டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் ஓய்வுபெற்றபோது அவர் பத்து லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. உரிமை இரண்டு இடத்திலும் எழுத்தில் இருந்தது. ஓர் அணி விட்டுக்கொடுத்தது, இன்னோர் அணி விட்டுக்கொடுக்கவில்லை.

மருத்துவமனை ஒப்பந்தங்களில் இதே ஷரத்து, மூன்று வருடத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தரவேண்டும் என்று வரும். மாதக் கணக்கில் விகிதப்படி குறைகிறதா, அல்லது முப்பத்தைந்தாம் மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா என்று பாருங்கள். வரி பிடித்தம் போகக் கைக்கு வந்ததைக் கேட்கிறார்களா, பிடிக்கும் முன் இருந்த முழுத் தொகையைக் கேட்கிறார்களா என்பதும் முக்கியம். காரணமே சொல்லாமல் 90 நாள் அறிவிப்பில் அவர்கள் உங்களை நீக்கலாம் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கும். அப்படி நீக்கினாலும் போனஸ் திரும்பப் போகுமா? பல ஒப்பந்தங்களில் இதற்குப் பதிலே எழுதியிருக்காது. நிர்வாகம் நீக்கினால் திருப்பித் தரவேண்டியதில்லை என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் சரி என்று சொன்னால் போதாது, கையெழுத்திடும் பிரதியிலேயே அது ஏறியிருக்க வேண்டும்.