மனந்திரும்புதல்

பாவத்தை விட்டுக் கடவுளிடம் திரும்புவதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்கிற சொல் இது: மனம் + திரும்புதல். தகரம் வந்து சேரும்போது மகரம் நகரமாகத் திரிந்து 'மனந்திரும்புதல்' ஆகிறது. பேச்சில் பலர் 'மனந்திருந்துதல்' என்கிறார்கள். அது வேறு சொல். திருந்துவது குணம், திரும்புவது திசை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மிச்சம் எளிது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு உள்ள சொல் 'மெட்டனோயா'. 'மெட்டா' மாற்றத்தைக் குறிக்கிற முன்னொட்டு. 'நூஸ்' என்றால் மனம், அறிவு. ஒருவர் யோசிக்கிற விதமே மாறிப்போவது என்று பொருள். ஆனால் 'மனந்திரும்புங்கள்' என்று அழைத்த யோவான் ஸ்நானகனின் பேச்சைக் கேட்க யோர்தான் நதிக்கரைக்கு வந்தவர்கள் எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வார்த்தையில் வளர்ந்தவர்கள். அந்தத் தீர்க்கதரிசிகள் ஓயாமல் சொன்ன வினை 'ஷூப்'. நேர்ப்பொருள் 'திரும்பு'. வழி தவறியவன் திரும்பி நடப்பதற்கும் அதே சொல், வெளியூர் போனவன் வீடு திரும்புவதற்கும் அதே சொல். ஆதாமிடம் "மண்ணுக்குத் திரும்புவாய்" என்று சொல்லப்படுகிறதே (ஆதியாகமம் 3:19), அதுவும் இதே வினைதான்.

ஆக, கிரேக்கச் சொல்லில் மனம் இருக்கிறது, திரும்பல் இல்லை. எபிரேயச் சொல்லில் திரும்பல் இருக்கிறது, மனம் இல்லை. தமிழ்ச் சொல்லில் இரண்டும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் இப்படி வாய்ப்பது அபூர்வம். லத்தீனில் இதே கட்டளை 'பெனிடென்சியா' செய்யுங்கள் என்று வந்து, பாவத்துக்குப் பரிகாரம் செய்வதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. 1517-இல் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டிய காரியம் இது என்றார்.

அப்புறம், இதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் பார்த்துவிட வேண்டும். மனஸ்தாபம், பச்சாத்தாபம். இரண்டும் வடமொழி. 'தாபம்' என்றால் சூடு, வேக்காடு. மனஸ்தாபம் மனத்தின் வேக்காடு. பச்சாத்தாபம் காரியம் முடிந்த பின்னால் வருகிற வேக்காடு. இன்றைக்கு இரண்டுமே பொருள் நழுவிவிட்டன. அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். பச்சாதாபம் என்றால் இரக்கம். கத்தோலிக்கர்களின் 'உத்தம மனஸ்தாப' செபத்தில்தான் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, அதாவது சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் இன்றும் கையில் இருக்கிற வேதாகமம், இந்தச் சொற்களைக் குழப்பாமல் பிரித்து வைத்திருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவரும் இடத்தில் (மத்தேயு 27:3) அவன் 'மனஸ்தாபப்பட்டு' வந்தான் என்றுதான் இருக்கிறது, 'மனந்திரும்பி' என்று இல்லை. கிரேக்கத்திலும் அங்கே வேறு சொல். அதற்கு முந்தின இரவில், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீடன் பேதுருவும் மனங்கசந்து அழுதான். வருத்தத்தை வைத்துப் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். ஆனால் பேதுருவிடம் இயேசு முன்பே சொல்லியிருந்தார்: "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" (லூக்கா 22:32). இங்கே 'குணப்பட்ட' என்று வருவதற்குக் கிரேக்கத்தில் இருப்பது 'திரும்பின' என்ற வினை. யூதாஸ் திருப்பிக் கொடுத்தான், பேதுரு திரும்பினான்.

விசுவாசிகள் தங்கள் வாழ்க்கை மாறிய கதையைச் சொல்கிற சாட்சிக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஒருவர் மேடையேறி, தான் குடித்த நாட்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்: எந்தக் கடை, யாரோடு, எந்தச் சாக்கடையில் விழுந்தது எல்லாம் வரும். மனந்திரும்பிய பிறகு நடந்ததற்கு ஐந்து நிமிடம். அதற்குள் கீபோர்டு வாசிப்பவர் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிடுவார். கேலிக்காகச் சொல்லவில்லை. திரும்பிய ஆள் கழுத்தை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

"பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதுவது (பிலிப்பியர் 3:13) இந்த இடத்தில்தான் பொருந்தும். 'நாடி' என்பது தமிழில் கொஞ்சம் மென்மையாக விழுந்துவிட்டது. மூலத்தில் இருப்பது ஓட்டக்காரன் எல்லைக்கோட்டுக்கு முன் உடம்பையே நீட்டிக்கொண்டு பாய்கிற வினை. 'மறந்து' என்பதும் ஞாபகமறதி இல்லை; சபையைத் துன்பப்படுத்தியதை அதே அதிகாரத்தில் அவரே நினைவுகூர்கிறார். சொல்லப்போனால் அங்கே அவர் விட்டுவிடுகிற பட்டியலில் முக்கால்வாசி அவர் பெருமைப்பட்ட விஷயங்கள்: பென்யமீன் கோத்திரத்தில் பிறந்தது, யூதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிற பரிசேயன் என்ற பெயர். பழைய பாவத்தை விடுவதைப் பற்றியே நாம் பேசுகிறோம். பழைய பெருமையை விடுவதுதான் இன்னும் கஷ்டம்.

சரி, தகுந்த தமிழ்ச்சொல் எது? 1995-இல் வந்த 'திருவிவிலியம்' என்ற மொழிபெயர்ப்பு "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" (மாற்கு 1:15) என்கிறது. இன்றைய காதுக்கு எளிது, கிரேக்கத்துக்கும் நெருக்கம். ஆனால் சேலைக்கடையில் பச்சையை எடுத்துவிட்டு நீலத்துக்குப் போவதும் மனம் மாறுவதுதான். 'மனமாற்றம்' என்று பெயராக்கினால் ஒரே எழுத்து தள்ளி 'மதமாற்றம்' நிற்கிறது, அது வேறு வம்பு. என் ஓட்டு மனந்திரும்புதலுக்கே. மாறுவதற்கு இலக்கு தேவையில்லை. திரும்புவது என்றால் எதைவிட்டு, யாரிடம் என்ற கேள்வி கூடவே வரும்.

இதற்கு நல்ல உதாரணம் சகேயு. வரி வசூலித்துப் பணக்காரனானவன், இயேசுவைப் பார்க்க மரமேறியவன். அந்தக் கதையில் மனந்திரும்புதல் என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். அநியாயமாய் வாங்கியிருந்தால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். எவ்வளவு அடித்தோம் என்ற பழைய கணக்கை அவன் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாலால் பெருக்க முடியாது.