மழை லில்லிக்கு மழை எப்படித் தெரிகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "மொட்டை மாடியில் நாலு தொட்டியில் மழை லில்லி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் தவறாமல் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் வருவதில்லை. போன வாரம் ராத்திரி இடியோடு நல்ல மழை. நாலாம் நாள் காலையில் பார்த்தால், எதிர் வீட்டில் யாருமே கவனிக்காமல் காய்ந்து கிடந்த தொட்டி முழுக்க ரோஸ் நிறப் பூ! என் தொட்டியில் இரண்டே இரண்டு. மழைத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டு அம்மா, 'தூரமான நாளில் செடியைத் தொட்டிருப்பே, அதான்' என்கிறார். அப்படியும் இருக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்காது. இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. பேலா ஷிக் என்ற பெரிய மருத்துவர், தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனையைக் கண்டுபிடித்தவர், 1920இல் இதையே அறிவியலாக எழுதினார். மாதவிடாயில் இருந்த பணிப்பெண் கையில் வாங்கிய பூக்கள் வாடிவிட்டன, அவள் உடம்பிலிருந்து ஏதோ நஞ்சு வெளியேறுகிறது என்றார். அதற்கு 'மாதவிடாய் நஞ்சு' என்று பெயரும் வந்தது. பிறகு எத்தனையோ பேர் தேடினார்கள். அப்படி ஒரு நஞ்சு இருப்பதாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை. செடிக்கு யார் கை என்று தெரியாது, எவ்வளவு ஈரம் என்றுதான் தெரியும். மாதத்தில் நாலு நாள் தண்ணீர் ஊற்றப் பயந்து நிற்கும் பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. தயவுசெய்து தொடுங்கள்.

சரி, மழைக்கு வருவோம்.

மழை லில்லிக்குக் கீழே இருப்பது வெங்காயம் போன்ற ஒரு குமிழம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கிழங்கு என்றுதான் சொல்கிறோம். உருளைக்கிழங்கு வேறு, இது வேறு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வெங்காயத்தை வெட்டினால் வரும் அடுக்குகள் எல்லாம் இலைகளின் அடிப்பாகம். அவை உணவைச் சேர்த்துக்கொண்டு தடித்துப்போனவை. நடுவில் அடியில், ஒரு வட்டுபோல் இருப்பதுதான் தண்டு. வேர் அதிலிருந்து கீழே போகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது அந்த அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மழை லில்லியின் குமிழம் சின்னது, வெட்டினால் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. அதனால் அதன் பெரிய உறவுக்காரியான அமரில்லிஸை எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்து வீடுகளில் சிவப்பாக, ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி பூக்குமே, அதுதான். தாவரவியலில் அதன் பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். பந்து அளவில் நன்றாக முற்றிய ஒரு குமிழத்தை அரிவாள்மனையில் வைத்து, மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தேன். கொழகொழவென்று ஒரு சாறு வந்தது. கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கவனம்.

நியூஸ் பேப்பரில் பரப்பி ஒவ்வோர் அடுக்காக உரித்து எண்ண ஆரம்பித்தேன். முதல் மூன்று அடுக்கும் முழு வளையமாகக் குமிழத்தைச் சுற்றி வருகின்றன. நான்காவது சுற்றி வரவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த அரை அடுக்கை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூமொட்டு. மறுபடி மூன்று முழு அடுக்கு, ஓர் அரை அடுக்கு, அதை ஒட்டி இன்னொரு மொட்டு, உளுந்து அளவில். இன்னும் உள்ளே போனால் மறுபடி அதே கணக்கு. அங்கே லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு புள்ளி. நாலு இலை, ஒரு பூங்கொத்து. நாலு இலை, ஒரு பூங்கொத்து. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி ஒழுங்கு.

இந்தப் புள்ளி வளர்ந்து வெளியே தலைகாட்ட ஏறக்குறைய 11 முதல் 14 மாதம் ஆகிறது. இந்தச் சித்திரையில் நீங்கள் பார்க்கும் பூ, போன ஆண்டே உருவாகத் தொடங்கியது. அதற்கு உணவு சேர்த்துத் தந்தவை, மழைக்காலத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு நின்ற இலைகள். நெதர்லாந்தின் வாகனிங்கனில் ப்ளாவ் என்ற தாவரவியலாளர், 1920களிலும் 30களிலும் இப்படித்தான் ஹயசிந்த், டியூலிப், ஹிப்பியாஸ்ட்ரம் குமிழங்களைப் பிளந்து பிளந்து, எந்த மாதத்தில் உள்ளே எது உருவாகிறது என்று பதிவு செய்தார். இன்று உலகமே நடத்தும் டியூலிப் வியாபாரத்துக்கு அடித்தளம் அந்தப் பொறுமைதான்.

மழை லில்லியின் உள்ளேயும் மொட்டு முன்பே தயார். மழை பூவை உண்டாக்கவில்லை, விடுவிக்கிறது. ஆனால் கடுகளவு மொட்டு, ஒரு சாண் காம்பும் விரிந்த பூவுமாக மூன்று நான்கு நாளில் எப்படி எழும்புகிறது? என்னைத் திரும்பத் திரும்ப மயக்குவது இந்த இடம்தான்.

புதிதாக லட்சக்கணக்கில் செல்களை உருவாக்க அவ்வளவு சீக்கிரம் முடியாது. அதற்குத் தேவையும் அதிகம் இல்லை. காம்புக்கும் இதழுக்கும் வேண்டிய செல்களில் பெரும்பாலானவை உள்ளேயே இருக்கின்றன, சுருங்கிய பலூன் மாதிரி. அவற்றுக்குள் தண்ணீர் ஏற வேண்டும், அவ்வளவுதான். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதே, அதே சவ்வூடு பரவல். செல்லுக்குள் கரைந்திருக்கும் துகள்கள் அதிகமாக இருந்தால் தண்ணீர் உள்ளே ஓடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சவ்வூடு பரவல் எடையைப் பார்ப்பதில்லை, தலையை எண்ணுகிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பூக்காரம்மா கட்டி வைத்திருக்கும் ஒரு சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பூ இருந்தாலும் அது ஒரு சரம். நாரை அறுத்துவிட்டால் ஆயிரம் பூ தனித்தனியாகச் சிதறும். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸைக் கோத்த சரம். தண்ணீரில் கரையாமல் குருணையாக ஒரு மூலையில் கிடக்கும். குமிழம் நிறைய மாவுச்சத்து இருந்தாலும் தண்ணீரை அது பெரிதாக இழுக்காது. அதனால்தான் பங்குனி வெயிலில், மண் சட்டிபோல் காய்ந்து கிடக்கும்போதும் குமிழம் தன் சொத்தைச் சத்தமில்லாமல் வைத்திருக்க முடிகிறது. அதே உணவைச் சர்க்கரையாகவே வைத்திருந்தால், அது இழுக்கும் தண்ணீருக்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

ஈரம் வந்ததும் அமைலேஸ் என்ற நொதி நாரை அறுக்கிறது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, நம் எச்சிலிலும் அந்த வகை நொதிதான். ஒன்றாகக் கிடந்தது ஆயிரமாகிறது. சர்க்கரை மொட்டை நோக்கி ஓடுகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே ஓடுகிறது. செல் சுவர்கள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கின்றன. செல்லுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தாவர செல்களில் இது கார் டயரின் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல் இருக்கும். மண்ணைப் பிளந்துகொண்டு அந்த மெல்லிய காம்பு வருவது இந்த அழுத்தத்தில்தான். முதல் நாள் மாலை ஒன்றுமே இல்லாத தொட்டியில் மறுநாள் காலை விரல் நீளத்துக்கு நிற்கும் காம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறுந்த சரம் ஞாபகம் வரும்.

இப்போது அந்த வாசகியின் தொட்டிக்குப் பதில் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டுத் தொட்டி வாரக்கணக்கில் காய்ந்தது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடியின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும். தயாரான மொட்டுகள் வாசலில் வரிசையாகக் காத்து நிற்கும். ஒரு நல்ல மழையில் கதவு திறந்ததும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். ஒரு பூவின் ஆயுள் ஓரிரு நாள்தான். தனியாகப் பூத்தால் மகரந்தம் கொண்டுவர ஆள் இருக்காது, கூட்டமாகப் பூத்தால் தேனீக்குக் கண்ணில் படும். தினமும் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கோ காத்திருக்கவும் காரணமில்லை, ஒன்றாகக் கிளம்பவும் காரணமில்லை. இலையை நீட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம், நம் பகுதி போர் தண்ணீரின் உப்பு. பல இடங்களில் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர் அது. தொட்டி மண்ணில் உப்பு சேரச் சேர, வெளியேயும் கரைந்த துகள்கள் கூடிவிடும். தலை எண்ணும் போட்டியில் மண் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். நல்ல மழை அந்த உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடுகிறது. மழைத் தண்ணீரின் 'சக்தி' என்று சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

இடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு வாரம் தொட்டியைக் காயப் போடுங்கள். பிறகு ஒரு மாலை, அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் தாராளமாக ஊற்றுங்கள். மறுநாளும் ஒரு முறை. மாடித் தோட்டத்தில் நான் கோடையில் இப்படி இரண்டு மூன்று முறை பூக்க வைத்ததுண்டு.

டியூலிப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஒரு முறை ஆன்லைனில் 'எல்லா ஊரிலும் வளரும்' என்ற விளம்பரத்தை நம்பி பத்துக் குமிழம் வாங்கினேன். இலை வந்தது, பூ வரவில்லை. டியூலிப்பிலும் மொட்டு முன்பே உள்ளே உருவாகிவிடும். ஆனால் அங்கே மாவுச்சத்தின் நாரை அறுத்துக் காம்பை நீளவிடுவது மழையல்ல, குளிர். 9 டிகிரிக்குக் கீழே, மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். ஸ்ரீநகரின் டியூலிப் தோட்டத்துக்கு அதை இமயமலை இலவசமாகக் கொடுக்கிறது. மார்கழியில் பனி இறங்கினாலும் வேலூர் அதற்குப் போதாது. பூட்டு ஒன்றுதான், சாவி ஊருக்கு ஊர் வேறு.

நம் சாவிக்கு ஏற்ற செடிகளை இன்னும் ஆழமாகப் படிக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. லக்னோவில் தாவரவியலாளர் டி.என். கோஷூவும் அவருடைய மாணவர்களும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த வெப்பமண்டலக் குமிழச் செடிகளின் குரோமோசோம்களை அக்கறையோடு ஆராய்ந்தார்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சம்பங்கியில் 'பிரஜ்வல்', 'சிருங்கார்' ரகங்களைக் கொடுத்தது. விவசாயிக்குக் காசு வந்தது. மழை லில்லி போன்றவற்றுக்கு மார்க்கெட்டில் விலை இல்லை என்பதால் ஆராய்ச்சிக்கும் பணம் வருவது சிரமம். கடும் வறட்சியைத் தாங்கி ஒரே மழையில் எழுந்து நிற்கும் ஓர் உயிரிடம், 42 டிகிரியில் வேகும் ஊருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமா இல்லை?

வருஷம் முழுக்க என்ன செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மாசியில் தண்ணீரைக் குறைத்து, பங்குனியில் ஓய்வு கொடுக்கலாம். பிரித்து நட அதுதான் சமயம். அமரில்லிஸுக்குக் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். கத்திரி வெயிலில் ஃபுட்பால் லில்லி இலையே இல்லாமல் சிவப்புப் பந்தாக எழும்பும். இலை இல்லையே என்று உரம் கொட்டாதீர்கள், அது பின்னாலேயே வரும். சம்பங்கியை ஆனி, ஆடியில் நடலாம். ஒரு முறை பூத்த சம்பங்கிக் கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்தில் விட்ட குட்டிகள்தான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எதிரி அழுகல். அடித்துளை அடைபடாமல் பாருங்கள், மண்ணில் மணல் தாராளமாக இருக்கட்டும். இவற்றில் அமரில்லிஸ், மழை லில்லி, ஃபுட்பால் லில்லி மூன்றின் குமிழமும் நஞ்சு. சமையலறையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஆடியிலிருந்து கார்த்திகை வரை பச்சை இலையில் கத்திரி வைக்காதீர்கள். வீட்டில் ஒரு விசேஷத்துக்காக, பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று அமரில்லிஸ் இலைகளை ஒருமுறை ஒட்ட நறுக்கிவிட்டேன். அடுத்த சித்திரையில் அந்த வரிசையில் ஒரு பூ இல்லை. காரணம் பார்க்க ஒன்றைப் பிளந்தேன். அரை அடுக்கை ஒட்டி, மொட்டு இருக்க வேண்டிய அதே இடத்தில், வெங்காயச் சருகுபோல் பழுப்பாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தது ஒரு சின்னஞ்சிறு பூங்கொத்து. லென்ஸில் நான்கு மொட்டுகளையும் எண்ண முடிந்தது.