பேதியோடு கிருமியும் போய்விடுமா?

"போறது போகட்டும் டாக்டரம்மா, கெட்டதெல்லாம் வெளிய வந்தாத்தானே நல்லது?"

மகளின் ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி கேட்டார். இரண்டு நாளாகத் தண்ணீராகப் போகிறது. குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. பால் பாட்டிலை வாங்கி ரப்பர் காம்பைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக ஒரு படிவு, புளித்த வாடை.

பாட்டி கேட்டதை வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குடலைப் பற்றிக்கொள்ளத் தெரிந்த கிருமியைப் பேதி அடித்துக்கொண்டு போவதில்லை.

கைக்குழந்தைகளைத் தாக்கும் ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவைச் சொல்கிறேன். முதலில் மெல்லிய இழைகளால் ஒன்றையொன்று பிடித்துக் கூட்டமாகக் குடல் சுவரில் ஒதுங்கும். அப்புறம் ஊசி போன்ற குழலைச் செல்லுக்குள் செருகி, 'டிர்' என்ற தன் புரதத்தை உள்ளே அனுப்பும். அது செல்லின் மேல்சவ்வில் போய் அமர்ந்து தலையை வெளியே நீட்டும். கிருமியின் மேலுள்ள 'இன்டிமின்' அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் தானே ஆணி அடித்துத் தன் பையை மாட்டிக்கொள்வது மாதிரி. அந்த ஆணி நம் செல்லுடையது என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். கிருமி கொண்டுவந்தது என்று 1997-இல் கனடாவில் பிரெட் ஃபின்லேயின் குழு கண்டுபிடித்தது.

பிடி இறுகியதும் செல் கிருமிக்கு அடியில் பீடம் போல எழும்புகிறது. சத்தையும் நீரையும் உறிஞ்சும் நுண்விரல்கள் அந்த இடத்தில் அழிந்துபோகின்றன. பேதிக்கு இதுவும் ஒரு காரணம். ஆக, வெளியே போவது பெரும்பாலும் குழந்தையின் நீரும் உப்பும்தான். 1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் 4 குழந்தைகளைப் பலிவாங்கிய ஓ157 ஈ.கோலையும் இப்படித்தான் பற்றிக்கொள்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சையும் சேர்த்துச் சுரக்கும்.

இந்தக் குழந்தைக்கு வந்தது எந்தக் கிருமி என்று தெரியாது. சாதாரண மலப் பரிசோதனை இந்த வகையைப் பிரித்துக் காட்டாது. ரோட்டா வைரஸாகக்கூட இருந்திருக்கலாம். எதுவானாலும் முதல் வைத்தியம் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். கூடவே 14 நாள் துத்தநாக மருந்து. பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

எனக்கு மனசு கஷ்டமானது வேறு விஷயத்தில். பேதி என்றதும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டார்கள். தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் நான் சொன்ன ஈ.கோலையின் இழைகளையும் இன்டிமினையும் மூடிக்கொள்கின்றன. மெக்ஸிகோவிலும் பிரேசிலிலும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களோடு தாய்ப்பாலைச் சேர்த்தபோது கிருமி ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. ஆணி அடிப்பதற்கு முன்பே கையைப் பிடித்துவிடும் மருந்து அது. அதைப் போய் நிறுத்தலாமா?

அன்று வார்டிலேயே அந்தப் பெண் திரும்பப் பால் கொடுக்க ஆரம்பித்தார். பாட்டில் இனி வேண்டாம், கிண்ணமும் பாலாடையும் போதும் என்றேன். பாலாடை வீட்டில் இருக்கிறதாம். மகளுக்கே அதில்தான் புகட்டினாராம் பாட்டி.