கவரைக் கண்டால் பிரிண்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

நூறு பக்க அறிக்கையைச் சளைக்காமல் அச்சடிக்கும் பிரிண்டர், ஒரே ஒரு கவரைக் கொடுத்ததும் தகராறு செய்யும். கசக்கித் துப்பும், கோணலாக இழுக்கும், முகவரியில் நடுநடுவே எழுத்துகளை விழுங்கும். சில நேரம் கடிதத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே கவரை ஒட்டிக் கையில் கொடுத்துவிடும். பிரிண்டர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டுப் பிரிண்டர் எதிர்பார்ப்பது எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கொண்ட ஒற்றைத் தாளை. கவரோ தாளை மடித்து ஒட்டிச் செய்த பை. முன்பக்கம், பின்பக்கம் என்று குறைந்தது இரண்டு அடுக்கு. ஒட்டிய இடங்களில் மூன்று, சில மூலைகளில் நான்கு. நடுவில் காற்று, ஓர் ஓரத்தில் பசை. பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இந்த அடுக்குகள்தான்.

முதல் சிக்கல் பாதையிலேயே வருகிறது. பல பிரிண்டர்களில் தாள் கீழே இருக்கும் டிரேயிலிருந்து கிளம்பி, உள்ளே ஒரு ரோலரைச் சுற்றி அரைவட்டமாகத் திரும்பித்தான் வெளியே வருகிறது. ஒற்றைத் தாளுக்கு இதில் சிரமமே இல்லை. இரண்டு அடுக்கு சேர்ந்து திரும்பும்போது நிலைமை வேறு. வெளி அடுக்கு ஓடும் வட்டம், உள் அடுக்கின் வட்டத்தைவிட ஒரு தாளின் தடிமன் அளவு பெரியது. அரைவட்டத்தின் நீளம் ஆரத்தைப் போல 3.14 மடங்கு. ஆகவே இரண்டு அடுக்குகளும் கடக்கும் தூரத்தில் உள்ள வித்தியாசம் தாளின் தடிமனைப் போல 3.14 மடங்கு. கவர் தாளின் தடிமனைச் சுமார் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.3 மி.மீ. நான்கு அடுக்கு சேரும் மூலையில், எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடையே கிட்டத்தட்ட 0.9 மி.மீ.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ரோலர் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் விடை மாறாது, ஏனென்றால் கழிக்கும்போது ஆரம் அடிபட்டுப் போகிறது. வளைவு பெரிதானால் கவர் முறுக்கிக்கொள்ளாமல் எளிதாக வளையும், அவ்வளவுதான். அந்த 0.3 மி.மீ. எங்கும் போய்விடாது.

இரண்டு தனித் தாள்கள் என்றால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இதைச் சரிசெய்துகொள்ளும். கவரின் ஓரங்கள் மடித்தும் ஒட்டியும் இருப்பதால் வழுக்க இடமில்லை. உள் அடுக்கில் மிஞ்சிய நீளம் உப்பலாக எழும்புகிறது. அடுத்து வரும் ரோலர் ஜோடி அந்த உப்பலை அழுத்தித் தேய்த்து மடிப்பாக்கிவிடுகிறது. கசங்கி வெளியே வரும் கவர்களில் பலவற்றின் கதை இதுதான். அதனால்தான் பிரிண்டரின் பின்புறமோ முன்புறமோ தனியாக ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். அதில் செருகி, வெளியேறும் பக்கத்திலும் கதவு இருந்தால் அதைத் திறந்து வைத்தால், கவர் நேராகப் போய் நேராக வந்துவிடும். வளைவு இல்லையென்றால் மேலே போட்ட கணக்குக்கே வேலை இல்லை. கவருக்காக ஒரே ஒரு காரியம் செய்ய மனமிருந்தால் இதைச் செய்யலாம்.

டிரேயிலிருந்து இழுக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலே சுழலும் ரப்பர் ரோலர் முதல் தாளைத் தள்ளுகிறது, எதிரே இருக்கும் உராய்வுப் பட்டை இரண்டாவது தாளைப் பிடித்து நிறுத்துகிறது. ரப்பருக்கும் தாளுக்கும் இடையே உள்ள உராய்வு, தாளுக்கும் தாளுக்கும் இடையே இருப்பதைவிட அதிகம் என்பதால்தான் ஒவ்வொன்றாக இழுக்க முடிகிறது. கவர்களை அடுக்கும்போது, வாயை மடித்து ஒட்டும் மூடி உள்ள பக்கம் மேடாகி, அடுக்கே ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ரோலர் மேட்டுப் பக்கத்தில் மட்டும் அழுந்தினால் அந்தப் பக்கம் முந்திக்கொள்ளும், கவர் கோணலாகும். நாலைந்து கவர்களுக்கு மேல் வைக்காமல், முதலில் உள்ளே நுழையும் விளிம்பை நகத்தால் நன்றாக நீவிவிட்டு, ஓரத் தடுப்புகளைக் கவரைத் தொடும்வரை நகர்த்தினால் போதும்.

அடுத்தது அச்சு. லேசர் பிரிண்டரின் ஆதித் தத்துவத்தை 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் செய்து காட்டினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை உரசி மின்னேற்றி, எழுத்துள்ள கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சி, பொடி தூவி, மெழுகுத் தாளில் ஒற்றி, சூடாக்கினார். அச்சானது அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் மட்டும். இன்றைய பிரிண்டரில் தகட்டுக்குப் பதில் டிரம் என்ற உருளை, சாதாரண ஒளிக்குப் பதில் லேசர், பொடிக்குப் பதில் டோனர். கடைசி இரண்டு படிகள் மாறவில்லை. பொடியைத் தாளுக்கு மாற்ற வேண்டும், வெப்பத்தால் நிலைக்க வைக்க வேண்டும். கவர் காலை வாருவதும் இதே இரண்டு இடங்களில்தான்.

முதலில் மாற்றும் படி. டோனர் என்பது நிறமி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. ஒரு துகளின் விட்டம் பொதுவாக 5 முதல் 10 மைக்ரோமீட்டர். தாளுக்குப் பின்னால் இருக்கும் ரோலர் எதிர் மின்னூட்டத்தால் இந்தத் துகள்களை டிரம்மிலிருந்து தாளுக்கு இழுக்கிறது. தாள் டிரம்மோடு ஒட்டி உரசிக்கொண்டு போகும்வரை இது கச்சிதமாக நடக்கும். கவரின் பின்பக்கத்தில் ஓர் ஒட்டு குறுக்கே போனால், தடிமன் மாறும் அந்தப் படிக்கட்டின் ஓரத்தில் முன்பக்கத் தாள் டிரம்மைத் தொடாமல் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த இடைவெளி 0.1 மி.மீ. என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். டோனர் துகளுக்கோ அது தன் உடம்பைப் போல பத்து, இருபது மடங்கு அகலமான பள்ளம். பல துகள்கள் தாண்டுவதில்லை. முகவரியின் குறுக்கே சாய்வாக ஒரு வெளிறிய கோடு விழுந்தால், கவரைத் திருப்பிப் பாருங்கள், அதே சாய்வில் ஒட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஒட்டிய கவர்களில் நடுப்பகுதி இரண்டு அடுக்காகவே இருப்பதால் இந்தக் கோடு வராது. லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவர் வாங்கும்போது தாளின் பளபளப்பைவிட இதைப் பார்ப்பது நல்லது.

அப்புறம் டோனரைச் சூட்டால் நிலைக்க வைக்கும் ஃபியூசர். இங்கே வெப்பநிலை ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். சூடான உருளைக்கும் அழுத்தும் உருளைக்கும் நடுவே தாள் நசுங்கிப் போகும் அந்தக் கண நேரத்தில் டோனர் உருகி இழைகளுக்குள் இறங்கிவிட வேண்டும். கவருக்கு இங்கே பல கண்டங்கள். உள்ளே இருக்கும் காற்று, பற்பசைக் குழாயைப் பிதுக்கும்போது பசை ஓடுவதுபோலப் பின்பக்கமாகத் தள்ளப்பட்டு, வெளியேற வழி கிடைக்காவிட்டால் கடைசி முனையில் சுருக்கம் விழும். காற்றோடு ஈரமும் இருக்கிறது. சாதாரணத் தாளின் எடையில் சுமார் 5 சதவீதம் தண்ணீர். 5 கிராம் கவர் என்றால் கால் கிராம். அதில் ஒரு பகுதி ஃபியூசரில் ஆவியாகிறது. மூடியில் தடவியிருக்கும் பசையோ ஈரம் பட்டால் ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. வெப்பம், ஆவி, அழுத்தம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் கூடிய நாட்களில் கவர்கள் தாமாக ஒட்டிக்கொண்டு வருவதன் காரணம் இதுதான். கவர் கட்டைப் பிரித்துப் போடாமல் மூடிய உறைக்குள்ளேயே வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

இன்னொரு பக்கம், இரட்டை அடுக்கு வெப்பத்தையும் அதிகம் உறிஞ்சும். சாதாரணத் தாளுக்கான வேகத்திலேயே கவரை ஓட்டினால் டோனர் அரைகுறையாக உருகி, விரலால் தேய்த்தால் உதிரும். செட்டிங்ஸில் தாள் வகையைக் கவர் என்று மாற்றுவது இதற்காகத்தான். அப்படிச் சொன்னதும் பல பிரிண்டர்கள் வேகத்தைக் குறைத்து, வெப்பத்தையும் கவருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கின்றன. அளவை மட்டும் மாற்றிவிட்டு வகையைச் சாதாரணத் தாள் என்றே விட்டுவிடுவது எல்லோரும் செய்கிற காரியம். சில மாடல்களில் ஃபியூசரின் இரு பக்கமும் சின்னச் சின்ன நெம்புகோல்கள் இருக்கும். அவற்றை இறக்கினால் அழுத்தம் குறையும். வேலை முடிந்ததும் பழைய நிலைக்கு ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்துவரும் சாதாரணப் பக்கங்களில் டோனர் ஒழுங்காகப் பிடிக்காது. பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கவர், உரித்து ஒட்டும் பசைப்பட்டை உள்ள கவர், உலோகக் கொக்கி உள்ள கவர் ஆகியவற்றை, லேசருக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் ஒழிய, இதற்குள் அனுப்பக் கூடாது. ஜன்னலுக்குப் பயன்படும் பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும்.

இங்க்ஜெட்டில் இந்த வெப்பத் தொல்லை கிடையாது. மை தெறிக்கும் தலை தாளுக்கு மேலே சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது, தாளைத் தொடுவதில்லை. கவர் உப்பியிருந்தால் தொட்டுவிடும், மை இழுபடும். தடித்த தாளுக்கான செட்டிங் இருந்தால் தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது மையின் வகை. சாய மை தண்ணீரில் கரைந்த நிறம், மழைத்துளி பட்டால் மறுபடியும் கரையும். நிறமி மையில் திடத் துகள்கள் தாளில் படிந்து நிற்பதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு நிறமி மையாகவும், வண்ணங்கள் சாய மையாகவும் இருக்கும். தபாலில் போகும் முகவரிக்கு வண்ணம் வேண்டாம் என்பேன், அழகாகவே இருந்தாலும்.

முகவரி தப்பான இடத்தில் விழுவது இன்னொரு ரகம். இதற்கும் அடுக்குக்கும் சம்பந்தமில்லை, அகலத்துக்குத்தான் சம்பந்தம். நீளவாட்டக் கவரின் அளவு 110 × 220 மி.மீ. ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 99 × 210 மி.மீ., அது உள்ளே போக இந்த அளவு. சில பிரிண்டர்கள் எந்த அளவுத் தாளையும் பாதையின் நடுவில் இழுக்கும், சில ஓர் ஓரத்தை ஒட்டி இழுக்கும். 210 மி.மீ. அகலப் பாதையில் 110 மி.மீ. கவர் நடுவில் வருகிறது என்று கணினி நினைத்து, உண்மையில் அது ஓரமாக வந்தால், முகவரி 50 மி.மீ. தள்ளி விழும். கவரின் அகலத்தில் கிட்டத்தட்ட பாதி அது. எழுத்துகளில் ஒரு பகுதி கவருக்கு வெளியே போய், தாளே இல்லாத இடத்தில் இறங்கும். லேசர் பிரிண்டரில் அந்த டோனர் பின்னால் இருக்கும் ரோலரில் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த பக்கங்களின் முதுகில் கறையாக வந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் கவர் அளவுக்கு வெட்டிய வெற்றுத் தாளில் அச்சடித்து, கவரின்மேல் வைத்து ஒத்துப்பார்ப்பது மேல். எந்த முனை முதலில் நுழைந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அந்தத் தாளிலேயே பென்சிலால் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால் ஜன்னல் கவர் இருக்கிறது. சிகாகோவின் அமெரிக்கஸ் கல்லஹன் 1902இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. முகவரியைக் கடிதத்தாளிலேயே அச்சடித்து, ஜன்னல் வழியே காட்டிவிடலாம். பிரிண்டருக்குப் பிடித்த ஒற்றைத் தாளே அதற்குக் கிடைத்துவிடுகிறது. உள்ளே தாள் அங்கும் இங்கும் நகர்ந்தாலும் முகவரி ஜன்னலை விட்டு வெளியேறாதபடி மடிக்க வேண்டும், அவ்வளவே.

கடைசியாக, எங்கே அச்சடிப்பது? 1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி, வெளிநாட்டுக் கடிதத்தில் முகவரிக்கான இடம் மேல் விளிம்பிலிருந்து 40 மி.மீ. கீழே தொடங்கி, வலது விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 15 மி.மீ. விட்டு, வலதுபுறத்திலிருந்து அதிகபட்சம் 140 மி.மீ. வரை. உள்நாட்டு விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். இந்த எல்லைகள் தபால்காரரின் கண்ணுக்காக மட்டும் போட்டவை அல்ல. பெரிய நிலையங்களில் மணிக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரம் ஒவ்வொன்றையும் படமெடுத்து, முகவரிப் பகுதி எது என்று முதலில் தேடுகிறது, பிறகு அஞ்சல் குறியீட்டைப் படிக்கிறது. கையெழுத்தில் இருக்கும் எண்களைப் படிப்பது நெடுநாள் பெரிய சவாலாக இருந்தது. 1989இல் கணினி அறிஞர் யான் லகுன் குழுவினர், மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலான நரம்பியல் வலையமைப்பு ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தது அமெரிக்கத் தபால் உறைகளில் மக்கள் கையால் எழுதிய குறியீட்டு எண்களைக் கொண்டுதான். அச்செழுத்து இயந்திரத்துக்கு அதைவிட மிகச் சுலபம், நாமே கெடுக்காமல் இருந்தால். எழுத்துகள் ஒன்றோடொன்று பிணையும் அலங்கார எழுத்துருவில் ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாமல் போகும். அடிக்கோடு எழுத்தின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். அடர்நிறக் கவரில் எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு போதாது. 10 முதல் 12 புள்ளி அளவில், இடதுபுறம் நேராக அமைந்த கறுப்பு எழுத்து, வெளிர் நிறக் கவர், இது போதும்.

கீழ் விளிம்பை ஒட்டிய பட்டையைக் காலியாக விடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பல நாடுகளில் முகவரியைப் படித்து முடித்த இயந்திரம் அதைப் பார்கோடு போன்ற கோடுகளாக்கி அங்கே தெளித்துவிடும். அடுத்த நிலையங்களில் இருக்கும் இயந்திரங்கள் முகவரியை மறுபடியும் படிக்காமல் அந்தக் கோடுகளையே பார்த்துக் கடிதத்தைப் பிரிக்கும். அந்த இடத்தில் அலங்காரப் பூவோ பொன்மொழியோ அச்சடித்திருந்தால், கோடுகள் அதன்மேல் விழுந்து குழம்பி, கடிதத்தை யாராவது கையில் எடுத்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.