ஆர்டிஐ மனுவுக்குப் பத்து ரூபாய் என்று சொன்னது யார்?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும், மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய் என்ற வரி அதில் கிடைக்காது. விதிகளில் குறிப்பிடும் கட்டணத்தோடு மனு கொடுக்க வேண்டும் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். தொகையை முடிவு செய்தது அரசு. விதிகளாக எழுதி அரசிதழில் வெளியிட்டது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கொடுத்த அதிகாரத்தை வைத்து அரசு இப்படி எழுதும் விதிகளுக்கும் அறிவிக்கைகளுக்கும் சார்நிலைச் சட்டம் என்று பெயர்.

இதில் வசதி உண்டு. கட்டணத்தை மாற்றவோ இணையவழியில் பணம் கட்ட வழி செய்யவோ ஒவ்வொரு முறையும் இரு அவைகளிலும் மசோதா கொண்டுவர முடியாது. நாடாளுமன்றம் கூடும் நாட்களும் குறைவு. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு என்பதால், இந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கும் விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. ஒன்றிய அரசின் 2012 விதிகளில் ஒரு நல்ல விஷயம்: மனு 500 சொற்களுக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அதைத் தாண்டியது என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கர்நாடக விதிகளில் 150 சொல், ஒரே பொருள் என்று வரம்பு வந்தது. சட்டத்தில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. அலகாபாத் உயர் நீதிமன்றம் தன் விதிகளில் மனுக் கட்டணத்தை 500 ரூபாய் என்று வைத்தது. கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது இது எப்படிச் சரியாகும்? வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பொதுவாக மனுவுக்கு 50 ரூபாய்க்கும், நகலுக்குப் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று 2018-இல் தீர்ப்பு வந்தது.

கட்டணமாவது சின்ன விஷயம். 2019 திருத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. அதுவரை தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு (அல்லது 65 வயது வரை) என்று சட்டத்திலேயே இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசு விதிகள் மூலம் முடிவு செய்யலாம் என்றானது, மாநில ஆணையர்களுக்கும் சேர்த்து. அதே ஆண்டு வந்த விதிகள் பதவிக்காலத்தை 3 ஆண்டாக்கின. அரசிடம் தகவலைக் கொடு என்று உத்தரவிட வேண்டியவரின் பதவிக்காலம் அரசின் கையில். கட்டணத்தை அரசிடம் விடுவதும் இதுவும் ஒன்றல்ல. சட்டத்தின் அடிப்படையான பகுதியை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்று 1951-இல் டெல்லி சட்டங்கள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் எது அடிப்படை என்பதில்தான் சண்டையே.

கண்காணிப்பு இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் விதிகளை இரு அவைகளிலும் மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும். நாடாளுமன்றம் அவற்றைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். இவற்றைப் பார்க்க மக்களவையில் 1953 முதல் தனிக் குழுவே இருக்கிறது. ஆனால் விதி நடைமுறைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் அவைக்கு வருகிறது, விவாதம் அபூர்வம். மாநில விதிகளை சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பதோடு ஆர்டிஐ சட்டம் நிறுத்திக்கொள்கிறது.

மீதி வழி நீதிமன்றம்தான். சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டிய விதியை, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது கூறின்படி உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர், வரைவோலை, இணையவழி போன்ற வழிகளில் கட்ட வேண்டும். சட்டம் ஒன்றுதான், விதிகள் வேறு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது சட்டத்திலேயே, 7(5)-இல் இருக்கிறது. அதை எந்த விதியாலும் மாற்ற முடியாது.